கிரிஸ்டலா, சாதாரணக் கண்ணாடியா? வாங்குமுன் எப்படித் தெரிந்துகொள்வது

புது வீட்டுக்கு ஒரு பூச்சாடியும் ஆறு கோப்பைகளும் வாங்கப் போகிறீர்கள். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வகைகளில் ஒன்றைக் கண்ணாடி என்றும் மற்றதைக் கிரிஸ்டல் என்றும் சொல்லி, கிரிஸ்டலுக்கு நான்கு மடங்கு விலை கேட்கிறார்கள். விரலால் சுண்டினால் மணிபோல ஒலிப்பதுதான் கிரிஸ்டல் என்று விற்பவர் சுண்டியும் காட்டியிருக்கிறார். அதை நம்பலாமா, வேறு சோதனை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் முழுமையாகும். கண்ணாடிப் பாத்திரங்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் தர ஆய்வுப் பிரிவில் 17 வருடம் வேலை பார்த்தேன். பெட்டி பெட்டியாக இறங்கும் கோப்பைகளை எடை போடுவது, அடர்த்தி பார்ப்பது, விளிம்பைத் தடவிப் பார்ப்பது, இதுதான் அன்றாட வேலை. புதுப் பொருட்களைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். பழம்பொருட்களின் வயதையும் மதிப்பையும் சொல்லும் பயிற்சி எனக்கில்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிரிஸ்டல் என்று விற்கப்படும் கோப்பையும் கண்ணாடிதான். படிகம் என்றால் உள்ளே அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். உப்பு, சர்க்கரை, பூமிக்கடியில் கிடைக்கும் குவார்ட்ஸ் எல்லாம் அப்படிப்பட்டவை. கண்ணாடியில் அந்த ஒழுங்கு கிடையாது, கிரிஸ்டல் கோப்பையிலும் கிடையாது. ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சேர்மானத்தில்தான் இருக்கிறது. நாம் தினமும் புழங்கும் கண்ணாடியில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா மணல், மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். இந்தச் சேர்மானத்தில் சோடாவுக்குப் பதில் பொட்டாஷும் (பொட்டாசியம் கலந்த உப்பு), சுண்ணாம்புக்குப் பதில் ஈய ஆக்சைடும் சேர்த்தால் ஈயக் கிரிஸ்டல் கிடைக்கும். ஈயத்துக்குப் பதிலாகத் துத்தநாகம், பேரியம், டைட்டானியம் போன்றவற்றைச் சேர்த்துச் செய்தால் அது ஈயமில்லாத கிரிஸ்டல். இன்றைக்குக் கடைகளில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

ஈயம் இல்லையென்றால் அது போலிக் கிரிஸ்டல் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸுக்கு அருகில் உள்ள முரானோ தீவில் ஆஞ்சலோ பரோவியர் என்ற கைவினைஞர் நிறமே இல்லாத தெளிந்த கண்ணாடி ஒன்றை உருவாக்கினார். பூமியில் கிடைக்கும் தெளிந்த குவார்ட்ஸைப்போல இருந்ததால் அதற்கு 'கிறிஸ்டாலோ' என்று பெயர் வந்தது. அதில் ஈயம் சேர்க்கப்படவில்லை. லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் தன் புதுக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கியது 1674-இல்தான். ஆரம்பத்தில் அவர் செய்த பாத்திரங்களில் நாளாக ஆக நுண்ணிய விரிசல் வலை படர்ந்தது. பிறகு சேர்மானத்தில் ஈய ஆக்சைடைச் சேர்த்து அந்தக் குறையைச் சரிசெய்தார். ஈயக் கிரிஸ்டலின் கதை அங்கிருந்துதான் பெருகியது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய செக் குடியரசில் உள்ள பொஹீமியாவில் பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்த்து, ஈயமில்லாமலேயே, சக்கரத்தில் வைத்துச் செதுக்கத் தகுந்த தடித்த கிரிஸ்டலைச் செய்தார்கள். ஆக, 'கிரிஸ்டல்' என்பது தோற்றத்தைப் பாராட்டி வைத்த பெயர். பிறக்கும்போதே அது ஒரு வேதிப்பொருளைக் குறிக்கவில்லை. கடையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் "எந்தக் கிரிஸ்டல்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சட்டம் இதற்கு ஓர் எல்லை போட முயன்றிருக்கிறது. ஐரோப்பிய நாடுகளுக்கான 1969-ஆம் ஆண்டு விதி நான்கு வகைகளைப் பிரிக்கிறது. ஈய ஆக்சைடு 30 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகை, 24 சதவீதம் இருந்தால் இரண்டாம் வகை. அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடியின் எடை, முதல் வகைக்குக் குறைந்தது 3.00 கிராம், இரண்டாம் வகைக்கு 2.90 கிராம் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வட்டமான தங்கநிற முத்திரை ஒட்டலாம். ஈயம், பேரியம், பொட்டாசியம், துத்தநாகம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் தனியாகவோ சேர்ந்தோ 10 சதவீதம் இருந்தால் மூன்றாம் வகை, அதற்குச் சதுரமான வெள்ளிநிற முத்திரை. நான்காம் வகைக்கு முக்கோண வெள்ளி முத்திரை. அந்த விதி செல்லுபடியாகாத பல சந்தைகளில் யாரும் எதையும் கிரிஸ்டல் என்று சொல்லி விற்கலாம். ஒட்டும் முத்திரை வெறும் தாள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அடிப்பாகத்தில் அமிலத்தாலோ லேசராலோ பொறித்த நிறுவனக் குறியை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

சரி, சுண்டிப் பார்க்கும் சோதனைக்கு வருவோம். அதில் உண்மை இருக்கிறது. சாதாரணக் கண்ணாடிக்குள் இருக்கும் சோடியம் அயனிகள் அதிர்வின்போது கொஞ்சம் அசைந்துகொடுத்து அதன் ஆற்றலை விழுங்கிவிடும். ஈயமும் பொட்டாஷும் சேர்ந்த கண்ணாடியில் அந்த இழப்பு குறைவு, அதனால் ஒலி நீண்டு நிற்கும். ஆனால் கோப்பையின் வடிவமும் கனமும் இதைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன. மெல்லிய சுவரும் அகன்ற வாயும் நீண்ட தண்டும் கொண்ட கோப்பை எதனால் செய்யப்பட்டிருந்தாலும் அழகாக ஒலிக்கும். விரல் தடிமன் உள்ள, நேர்ச்சுவர் கொண்ட ஈயக் கிரிஸ்டல் தம்ளரைச் சுண்டினால் 'டக்' என்று முடிந்துபோகும். எப்படிப் பிடிக்கிறோம் என்பதும் சேரும்: தண்டைப் பிடித்தால் ஒலிக்கும் அதே கோப்பை, கிண்ணப் பகுதியைக் கையால் அணைத்துப் பிடித்தால் ஊமையாகிவிடும். உங்களுக்குச் சுண்டிக் காட்டியவர் இரண்டையும் ஒரே இடத்தில் பிடித்தாரா என்று யோசித்துப் பாருங்கள். ஒரே வடிவம், ஒரே கனம், ஒரே அளவுள்ள இரண்டை ஒரே மாதிரி பிடித்துச் சுண்டினால், நீண்டு ஒலிப்பது கிரிஸ்டலாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். அதற்கு மேல் அந்தச் சோதனை தாங்காது. ஒரு விஷயத்துக்கு மட்டும் அதை நான் முழுமையாக நம்புவேன்: ஒரே பெட்டியில் உள்ள ஆறில் ஐந்து கணீரென்று ஒலித்து ஒன்று மட்டும் கம்மிப்போய் ஒலித்தால், அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். அதை எடுக்காதீர்கள்.

அடுத்தது மினுமினுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் வானவில் தெரிந்தால் கிரிஸ்டல் என்பார்கள். எண்களைப் பாருங்கள்: சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, ஏறத்தாழ 1.52, 24 சதவீத ஈயக் கிரிஸ்டலுக்குக் கேட்கப்படும் குறைந்த அளவு 1.545. வைரத்துக்கு 2.42. முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. வழவழப்பான, பட்டை தீட்டாத இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்த வேறுபாட்டை வெறும் கண்ணால் பிரிக்க எனக்கும் முடியாது. நிறங்களைப் பிரித்துக் காட்டும் தன்மை ஈயக் கண்ணாடியில் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிவதற்குப் பட்டைகள் வேண்டும். மினுமினுப்பில் பெரும்பங்கு வெட்டு வேலையினுடையதும் மெருகினுடையதும். ஈயம் சேர்ந்த கண்ணாடி மென்மையானது, உருகிய பிறகு நிதானமாக இறுகுவது. அதனால் ஊதி உருவாக்குகிறவருக்கு நேரம் கிடைக்கிறது, சக்கரத்தில் வெட்டுகிறவருக்கு ஆழமாகவும் கூர்மையாகவும் வெட்ட முடிகிறது. ஈயக் கிரிஸ்டல் ஜொலிப்பதன் முக்கியக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

எனவே கடையில் நிற்கும்போது பொருள் செய்யப்பட்ட விதத்தைப் பாருங்கள். உங்கள் நான்கு மடங்கு விலைக்குக் காரணம் இருந்தால் அது பெரும்பாலும் இங்கேதான் தெரியும். விளிம்பிலிருந்து தொடங்குங்கள். மலிவான இயந்திரக் கோப்பைகளில் வாய் விளிம்பு சிறு கயிறு ஓடுவதுபோல உருண்டு தடித்திருக்கும். நல்ல கோப்பையில் விளிம்பு வெட்டி மெருகிடப்பட்டு, சுவரின் அதே மென்மையோடு முடியும். பிறகு வெட்டுகளை விரல் நுனியால் தடவுங்கள். அச்சில் அழுத்தி எடுத்த பொருளில் பட்டைகளின் முனைகள் மழுங்கியிருக்கும், சோப்பு கொஞ்சம் கரைந்ததுபோல. சக்கரத்தில் வெட்டிய முனை, அமிலத்தில் மெருகேற்றிய பிறகும், விரலுக்குத் தெளிவாக உறைக்கும். அச்சு பிரியும் இடங்களில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் ஓடும். அவை பெரும்பாலும் வேலைப்பாட்டின் ஓரத்திலோ தண்டிலோ மறைந்திருக்கும், சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். கோப்பைக்குள் விரலை விட்டு உள்சுவரையும் தடவுங்கள். அச்சுக்குள் ஊதி எடுத்த பொருளில் வெளியே உள்ள வேலைப்பாட்டுக்கு ஏற்ப உள்ளேயும் மேடுபள்ளம் தெரியும், வெட்டு வேலையில் உள்பக்கம் வழவழவென்று இருக்கும். ஆனால் உள்ளேயும் அச்சு வைத்து அழுத்திய பொருளில் உள்சுவர் வழவழப்பாகவே வரும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அச்சில் எடுத்த பொருளைச் சக்கரத்தில் கொஞ்சம் தொட்டுக் கூர்மையாக்கி விற்பதும் உண்டு. அது கையில் சிக்கினால் எனக்கே தடுமாற்றம்தான்.

நிறத்தையும் பார்க்கலாம். வெள்ளைத் தாளின் மேல் வைத்து, தடித்த அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். மணலில் கலந்திருக்கும் இரும்பால் சாதாரணக் கண்ணாடி லேசான பச்சை காட்டும். பச்சை தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல கிரிஸ்டல் இல்லை என்று சொல்லிவிடலாம். பச்சை தெரியாவிட்டால் கிரிஸ்டல் என்று சொல்லிவிட முடியாது. இரும்பு குறைந்த மணலில் செய்த சாதாரணக் கண்ணாடியும் அப்படியே தெளிவாக இருக்கும்.

இப்போது நான் உறுதியாக நம்பும் ஒரே வீட்டுச் சோதனை: அடர்த்தி. கையில் தூக்கிப் பார்த்துக் கனமாக இருக்கிறது என்பது போதாது, தடிமன் கூடினாலே கனம் கூடும். அளந்து பார்க்க வேண்டும். சமையலறைத் தராசு, ஓர் அகன்ற பாத்திரம், கொஞ்சம் நூல் போதும். முதலில் கோப்பையை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோப்பை மூழ்கினாலும் வழியாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கோப்பையை நூலில் கட்டி, முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், கோப்பை இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், அதுவே கோப்பைக் கண்ணாடியின் கன அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: உலர்ந்த எடை 366 கிராம், தண்ணீரில் தராசு காட்டுவது 146 கிராம் என்றால் அடர்த்தி 2.5. இது சாதாரணக் கண்ணாடியின் அளவு. அதே 366 கிராம் கோப்பைக்குத் தராசு 122 காட்டினால் அடர்த்தி 3.0, அதாவது ஈயக் கிரிஸ்டல். ஒரு கிராம் முன்பின் தவறு வந்தாலும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பாது, இடைவெளி அவ்வளவு பெரியது. அலங்கார விளக்கில் தொங்கும் சிறு துண்டுகளுக்கு மட்டும் பத்தில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள். வெட்டுப் பள்ளங்களிலும் கோப்பைக்குள்ளும் காற்றுக் குமிழி தங்கினால் அடர்த்தி குறைத்துக் காட்டும், அதனால் கோப்பையைச் சாய்த்து மூழ்கடித்து, குமிழிகளை விரலால் தள்ளிவிடுங்கள். உள்ளே காற்று அடைபட்ட தண்டோ உருண்டையோ உள்ள பொருளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய பூச்சாடியைத் தட்டியும் தூக்கியும் பார்த்து ஈயக் கிரிஸ்டல் என்று எழுதிக் கொடுத்தேன். மூத்தவர் தண்ணீரில் இறக்கிக் காட்டியபோது 2.5 வந்தது. அன்றிலிருந்து தராசைக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்ல வேண்டும். அடர்த்தி 2.9-க்கு மேல் வந்தால் ஈயக் கிரிஸ்டல் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். 2.5 வந்தால் அதில் ஈயம் குறிப்பிடத்தக்க அளவு இல்லை என்பது மட்டுமே உறுதி. ஈயமில்லாத கிரிஸ்டல்களில் பலவும் சாதாரணக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நிற்கும், சட்டத்தின் மூன்றாம் வகைக்கே 2.45 போதும். இடைப்பட்ட 2.6, 2.7 வந்தால் பேரியமோ துத்தநாகமோ கொஞ்சம் ஈயமோ இருக்கலாம், எது என்று வீட்டில் பிரிக்க வழியில்லை. எக்ஸ் கதிர் வைத்துத் தனிமங்களைக் காட்டும் கருவி உள்ள ஆய்வகம்தான் சொல்ல முடியும். பரிசுக் கோப்பைகளிலும் மேசை அலங்காரங்களிலும் 'கே9 கிரிஸ்டல்' என்ற பெயரைப் பார்ப்பீர்கள். அது லென்ஸ் செய்யப் பயன்படும் தெளிந்த கண்ணாடி வகை. அடர்த்தி 2.5-ஐ ஒட்டியே இருக்கும், ஒளிவிலகல் எண் 1.517. எண்களில் சாதாரணக் கண்ணாடியின் பக்கத்து வீடுதான் அது. தெளிவும் மெருகும் நன்றாக இருந்தால் வாங்குங்கள், ஆனால் ஈயக் கிரிஸ்டலின் விலையைக் கொடுக்க வேண்டாம்.

புற ஊதா விளக்கு அடித்தால் ஈயக் கிரிஸ்டல் நீலமாக ஒளிரும் என்றும் கேட்டிருப்பீர்கள். குறுகிய அலைநீளப் புற ஊதாவில் அப்படி ஒரு வெளிர்நீலம் தெரிவது உண்மை. கடைகளில் கிடைக்கும் சிறு டார்ச்சுகள் நீண்ட அலைநீளம் கொண்டவை, அவற்றில் அது நம்பும்படி தெரியாது. மாங்கனீசு கலந்த கண்ணாடி வேறு நிறத்தில் ஒளிர்ந்து குழப்பவும் செய்யும். பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கும் குச்சிகளையும் இதற்கு நான் நம்ப மாட்டேன். கண்ணாடிக்குள் பிணைந்துகிடக்கும் ஈயம் அந்தக் குச்சிக்கு அகப்படாமல் போகலாம். குச்சி நிறம் மாறவில்லை என்பதை வைத்து ஈயமில்லை என்று முடிவுகட்டுவது ஆபத்து. தொட்டால் சில்லென்று இருப்பது கிரிஸ்டல் என்பது இயற்கைக் குவார்ட்ஸுக்குப் பொருந்தும், ஏனென்றால் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கிரிஸ்டல் கோப்பைக்கு அது பொருந்தாது.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் நான் விட்டுவிட விரும்பாத ஒன்று இருக்கிறது. ஈயக் கிரிஸ்டலில் ஊற்றி வைக்கும் திரவத்துக்குள் ஈயம் மெல்ல இறங்கும். ஜோசப் கிராசியானோ, கான்ராட் பிளம் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஈயக் கிரிஸ்டல் குடுவைகளில் 4 மாதம் வைத்த போர்ட் வைனில் (ஒரு வகை இனிப்பு வைன்) ஈயம் லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு 10 மைக்ரோகிராம். கோப்பையில் ஊற்றிய சில நிமிடங்களிலேயே கசிவு தொடங்குவதையும் அவர்கள் பார்த்தார்கள். நேரம் கூடக் கூட அளவும் கூடும், புளிப்பான திரவம் இதை இன்னும் வேகப்படுத்தும். ஆகவே ஈயக் கிரிஸ்டல் குடுவையில் எதையும் ஊற்றி நாட்கணக்கில் வைக்கவே கூடாது. எப்போதாவது ஒரு விருந்தில் ஊற்றி உடனே குடிப்பதன் ஆபத்து இதைவிட மிகக் குறைவு, ஆனால் அது பூச்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் எதுவும் கொடுக்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சரி, உங்கள் இரண்டு பொருட்களுக்கு வருகிறேன். ஆறு கோப்பைகளும் தினமும் கைபடும், அடிக்கடி கழுவப்படும் என்றால் ஈயமில்லாத கிரிஸ்டலையே எடுங்கள். மெல்லிய விளிம்பு, தெளிந்த நிறம், கிண்ணத்திலிருந்தே இழுத்து நீட்டிய தண்டு எல்லாம் அதிலேயே கிடைக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஈயக் கிரிஸ்டல் சீக்கிரமே மங்கும். தண்ணீரின் உப்புப் படிவால் வந்த மங்கல் என்றால் வினிகரில் போகும், மேற்பரப்பே அரிக்கப்பட்ட மங்கல் எதிலும் போகாது. பூச்சாடிக்குக் குடிப்பதைப் பற்றிய கவலை இல்லை. அதில் ஆழமான வெட்டும் கனமும் நெருப்புபோன்ற ஜொலிப்பும் வேண்டுமானால் ஈயக் கிரிஸ்டலுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பில்லில் வெறுமனே 'கிரிஸ்டல்' என்று எழுத விடாதீர்கள். "ஈய ஆக்சைடு இத்தனை சதவீதம்" என்றோ, "ஈயமில்லாத கிரிஸ்டல்" என்றோ எழுதிக் கேளுங்கள். வீட்டில் அடர்த்தி பார்ப்பேன், பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுதித் தர மறுத்தால், சாதாரணக் கண்ணாடியின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.